செடி வைத்த மீன்தொட்டி: மணல் எத்தனை ஆழம், விளக்கு எவ்வளவு? முழுமையான வழிகாட்டி

செடி வைத்த தொட்டி தொடங்குகிற பலரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் பளிச்சென்று இருக்கும் விளக்கு. அப்புறம் கடைக்காரர் கொடுத்த மணல் இரண்டு பை. கடைசியாக, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த செடிகள். மூன்றே வாரத்தில் கண்ணாடியெங்கும் பாசி படரும், செடி மஞ்சளாகும். பிறகு மருந்து தேடி அலைவார்கள்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். எந்தச் செடி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் வேர் மணலின் ஆழத்தைச் சொல்லும். மணல் போட்டபின் மிஞ்சுகிற நீரின் உயரமும் செடியின் தேவையும் சேர்ந்து விளக்கைச் சொல்லும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பது கடைசி முடிவு. ஒவ்வொரு முடிவும் முந்தையதன் மேல் நிற்பதால் நடுவிலிருந்து தொடங்க வழியில்லை.

கணக்கு புரிவதற்காக ஒரே தொட்டியைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்: நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டடித் தொட்டி, 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். கரியமில வாயு சிலிண்டர் இல்லை, சாதாரண ஃபில்டர் உண்டு. முதல் தொட்டிக்கு நான் யாருக்கும் சொல்வது இந்த அமைப்புதான்.

1. வாங்கும் முன் தயாராக வேண்டியவை

அளவு டேப், ஓரடி ஸ்கேல், இரண்டு பக்கெட், நீளமான இடுக்கி, பிளக்கில் மாட்டும் டைமர், நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று. ஆர்ஓ வைத்திருக்கும் பல வீடுகளில் மீட்டர் ஏற்கெனவே இருக்கும். டைமரை ஆடம்பரம் என்று தள்ளாதீர்கள். கையால் சுவிட்ச் போடுகிற வீட்டில், விருந்தாளி வந்தால் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். பாசிக்கு அது போதும்.

தொட்டி நிற்கும் இடத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். வெயில் எத்தனை மணி நேரம், எவ்வளவு வலுவாக விழும் என்பது உங்கள் கையில் இல்லை. பிறகு எந்த விளக்குக் கணக்கும் செல்லாது. சென்னை, மதுரைக் கோடையில் தண்ணீர் சூடாவதற்கும் அதுவே காரணமாகும்.

மணலும் நீரும் கண்ணாடியும் சேர்ந்து இந்தத் தொட்டி 80 கிலோ வரை வரும். ஆடாத, சமமான மேசை தேவை. அடியில் தெர்மகோல் ஷீட் ஒன்றை விரியுங்கள். மேசையில் இருக்கும் சிறு மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

2. செடிப் பட்டியலை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன், வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேர் எங்கே இருக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துச் செடிகளை மூன்றாகப் பிரித்தால் போதும்.

மணலே தேவைப்படாதவை முதல் வகை: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா, மாஸ் வகைகள். இவற்றைக் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் இலையும் வேரும் கிளம்புகிற தடித்த தண்டு ஒன்று படுத்தவாக்கில் இருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீட்டில் நான் அதிகம் பார்க்கிற தவறு இது. மேலே இலை பச்சையாகவே இருக்கும். லேசாகத் தொட்டால் கையோடு வந்துவிடும். அடியில் தண்டு கூழாகிப் போயிருக்கும்.

தண்டுச் செடிகள் இரண்டாம் வகை: ஹைக்ரோபிலா, ரோட்டாலா, லுட்விஜியா, நம் வயல் ஓரங்களில் தானாகவே வளரும் நீர்ப்பிரம்மி. இவை சத்தின் பெரும்பகுதியை நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மிதந்து வராமல் பிடித்துக்கொள்ளத்தான் மணல் வேண்டும்.

வேரால் சாப்பிடுகிறவை மூன்றாம் வகை: கிரிப்டோகரைன், அமேசான் ஸ்வார்டு, வாலிஸ்னேரியா, அல்லி இனங்கள். மணலின் ஆழத்தை முடிவு செய்வது இந்த வகைதான்.

முதல் தொட்டிக்கு என் தேர்வு: பின்னால் வாலிஸ்னேரியாவும் ஹைக்ரோபிலாவும், நடுவில் கிரிப்டோகரைன் வென்ட்டி, கல்லில் அனுபியாஸ். கிரிப்டோகரைன் வென்ட்டி இலங்கை ஓடைகளில் இயற்கையாக வளர்வது. நிழலும் வெதுவெதுப்பான நீரும் அதற்குப் பழக்கம். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரையும் தாங்கிக்கொள்ளும். தரையில் கம்பளம்போல் படரும் மான்டே கார்லோ போன்ற செடிகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அவற்றுக்கு வலுவான விளக்கும் கரியமில வாயுவும் வேண்டும். நம் கோடையின் சூடும் பிடிக்காது.

3. எந்த மணல்

துகள் 1 முதல் 2 மி.மீ. வரை இருப்பது சரியான அளவு. அரை மி.மீ.க்குக் கீழே போனால் நாளடைவில் இறுகும். நீர் உள்ளே போகாது, வேர் நுழையச் சிரமப்படும். 4 மி.மீ.க்கு மேல் போனால் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் இடுக்குகளில் இறங்கி அழுகும். நட்ட செடியும் பிடிமானம் இல்லாமல் மிதந்துவிடும்.

ஆற்று மணல் இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை. கட்டடம் கட்டும் இடத்திலிருந்து ஒரு பை வந்தாலும், அதில் சிமெண்ட் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. முனைகள் கூர்மையாக இருக்கும், தூள் கழுவக் கழுவ வரும். மணலைக் கிளறி இரை தேடும் கோரிடோராஸ் மாதிரி மீன்களின் மீசையை அது கிழித்துவிடும். கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இருப்பதால் நீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். அது வேண்டவே வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது தண்ணீர் வடிகட்டிகளுக்குப் போடும் குவார்ட்ஸ் மணலை. சல்லடை அளவு வாரியாக விற்கிறார்கள். 1 முதல் 2 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். அது நீரோடு எந்த வினையும் புரியாது, பல வருடம் அப்படியே இருக்கும். சாயம் பூசிய வண்ணக் கற்கள் வேண்டாம், பூச்சு உரியும்.

எந்த மணலாக இருந்தாலும் இரண்டு சோதனை. காய்ந்த மணல் ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அடுத்தது, ஒரு டம்ளர் மணலை ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து, முதல் நாளும் நான்காம் நாளும் டிடிஎஸ் பாருங்கள். கழுவிய நல்ல மணலில் எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். தொடர்ந்து ஏறினால் அந்த மணலைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அக்வா சாயில் பற்றிக் கேட்பீர்கள். சுட்ட மண் உருண்டைகளான அதில் சத்து ஏற்கெனவே இருக்கிறது. வேர்ச்செடிகள் அதில் வேகமாக வளரும். ஆனால் முதல் சில வாரங்கள் பல வகைகள் அம்மோனியாவை வெளிவிடும். அப்போது மீன் விட்டால் சாகும். இன்னொரு விஷயம்: நீரின் பி.எச். அளவைக் குறைப்பது அதன் குணம். கார்பனேட் நிறைந்த போர் தண்ணீரை ஒவ்வொரு வாரமும் ஊற்றினால் அந்தத் திறன் சீக்கிரமே தீர்ந்துபோகும். கடின நீர் உள்ள வீட்டில் முதல் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. குவார்ட்ஸ் மணலும் ரூட் டேப் என்கிற உர மாத்திரையும் போதும்.

4. ஆழத்தை முடிவு செய்வது

கல்லில் கட்டும் செடிகள் மட்டும் என்றால் 2 முதல் 3 செ.மீ. தண்டுச் செடிகளுக்கு 4 முதல் 5. கிரிப்டோகரைன், வாலிஸ்னேரியாவுக்கு 6 முதல் 7. பெரிதாக வளரும் அமேசான் ஸ்வார்டுக்கு 8 செ.மீ. இருந்தால் நல்லது. இவையெல்லாம் செடி நிற்கும் இடத்து ஆழங்கள். தொட்டி முழுக்க ஒரே ஆழம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆழம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. 3 செ.மீ. மணலில் இருந்த ஒரு கிரிப்டோகரைனை மெல்லப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் கீழே இறங்கி, அடிக்கண்ணாடியில் முட்டி, அதன்மேல் தட்டையாக ஓடி, மூலையில் சுருண்டு கிடந்தது. இலைகள் சிறுத்து, ஓரம் வெளுத்திருந்தன. சத்து மாத்திரை வைக்கக்கூட அதற்குக் கீழே இடமில்லை. மாத்திரையைக் குறைந்தது 3 செ.மீ. ஆழத்தில் புதைத்தால்தான் சத்து வேர் இருக்கும் இடத்தில் நிற்கும். மேலாக வைத்தால் நீரில் கரைந்து பாசிக்குப் போகும்.

சரி, அப்படியானால் 12 செ.மீ. போட்டுவிடலாமே? அதிலும் சிக்கல் உண்டு. மணலின் உள்ளே ஆக்சிஜன் மிக மெல்லத்தான் இறங்கும். துகள் பொடியாக இருக்க இருக்க அது மேற்பரப்போடு நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் வேறு வகை பாக்டீரியா குடியேறி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலில் கறுப்புத் திட்டுகள் தெரியும். வேரும் அங்கே கறுத்துப் போகும்.

இதற்காகப் பயந்து ஆழத்தைக் குறைக்க வேண்டாம். நீர்ச்செடிகளின் வேர் ஆக்சிஜனைக் கசியவிடும். ஆகவே வேர் அடர்ந்த இடத்தில் 7, 8 செ.மீ. ஆழம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. செடியே இல்லாத இடத்தில் பொடி மணலை ஆழமாகக் குவிப்பதுதான் தவறு. மலேசியன் டிரம்பெட் நத்தைகள் சில இருந்தால் அவை மணலுக்குள் புகுந்து கிளறிக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கு அவற்றைவிட நல்ல ஆள் கிடையாது. மணலிலிருந்து நாற்றமில்லாத குமிழ் ஒன்றிரண்டு கிளம்பினால் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே நம் இரண்டடித் தொட்டிக்கு முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போடுங்கள். பின்னால் வேர்ச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். முன்னால் மணல் குறைவாக இருப்பதால் கழிவு தேங்குவதும் தெரியும், உறிஞ்சி எடுப்பதும் சுலபம். சரிவு கண்ணுக்கு ஆழம் கூடியதாகவும் காட்டும்.

சரிவு தானாக நிற்காது. மீன் கிளறும், நீரோட்டம் தள்ளும், சில மாதத்தில் மணல் முன்னால் இறங்கிச் சமமாகிவிடும். நடுவில் தட்டையான கற்களை வரிசையாக, பாதி புதைந்தவாறு நிறுத்துங்கள். பின்மூலையை இன்னும் உயர்த்த ஆசைப்பட்டால், லாவா கற்களை வலைப்பையில் கட்டி அடியில் வைத்து, மேலே மணல் போடுங்கள். உயரமும் கிடைக்கும், மணலும் இறுகாது.

தோட்டமண்ணை அடியில் போட்டு மேலே மணல் மூடுகிற முறையும் உண்டு. அதைச் செய்வதாக இருந்தால் மண் 2 முதல் 2.5 செ.மீ., மேலே மணல் 3 செ.மீ. அளவில் வையுங்கள். மணல் மெலிந்தால் ஒவ்வொரு முறை செடி பிடுங்கும்போதும் தண்ணீர் சேறாகும். மிகத் தடித்தால் கீழே மண் மூச்சுமுட்டும். அடிக்கடி செடிகளை இடம் மாற்றும் பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த முறை சரிவராது. உரம் கலந்த செம்மண் கலவை எதையும் அதில் போடாதீர்கள்.

5. எத்தனை கிலோ

நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதைச் சராசரி ஆழத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். நமக்கு 60 × 30 × 6 = 10,800; அதாவது 10.8 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.5 கிலோ. எனவே 16 கிலோ. கழுவும்போது போகிற தூளுக்கும் சேர்த்து 18 கிலோ வாங்கினால் போதும். பாதியில் தீர்ந்து இரண்டாம் முறை வாங்கினால் நிறமும் துகளும் ஒத்துப்போகாது. அக்வா சாயிலின் எடை இதைவிடக் குறைவு என்பதால், பையில் போட்டிருக்கும் லிட்டரை மட்டும் பாருங்கள்.

6. கழுவி, பரப்பி, நீர் விடுதல்

பக்கெட்டில் கால் பங்கு மணல் மட்டும் போட்டு, கையால் கிளறி, கலங்கல் நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். அரிசி களைவதுபோலத்தான். மேலே நிற்கும் நீர் வழியாகப் பக்கெட்டின் அடி தெரியும்வரை விடாதீர்கள். இங்கே அரைமணி நேரம் மிச்சம் பிடித்தவர்கள் ஒரு வாரம் பால்போன்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அக்வா சாயிலை மட்டும் இப்படிக் கழுவக் கூடாது, உருண்டை உடையும்.

பெரிய கற்களும் மரக்கட்டையும் இருந்தால் முதலில் அவற்றை அடிக்கண்ணாடியில் நிறுத்தி, அப்புறம் மணலைச் சுற்றிப் போடுங்கள். மணலின்மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டுகிற மீன் ஒரு நாள் அதைச் சாய்த்துக் கண்ணாடியை உடைக்கும்.

மணலைப் பரப்பியதும் வெளியிலிருந்து ஸ்கேலைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சரிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும். பெரும்பாலோர் கண்ணளவில் பார்த்து 6 செ.மீ. என்று நினைப்பது அளந்தால் 4 தான் வரும்.

மணல் நனைந்து, அதற்கு மேல் 5 செ.மீ. நீர் நிற்கும்போது நடுவது எளிது. செடியை அடியோடு இடுக்கியால் பிடித்து, சாய்வாகச் செருகி, பிடியைத் தளர்த்தி, சற்று ஆட்டியபடியே இடுக்கியை வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் செடியும் கூடவே வரும். கிரிப்டோகரைன், ஸ்வார்டு இரண்டுக்கும் இலை கிளம்பும் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். வேர்ச்செடிகளின் அருகே 12 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ரூட் டேப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிது வைக்க வேண்டும்.

பிறகு ஒரு தட்டை மணலில் வைத்து அதன் மேல் மெதுவாக நீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.

7. விளக்கின் வலு

விளக்கு செடியின் பசியைத் தூண்டும், சோறு போடாது. வெளிச்சம் கூடக் கூடச் செடிக்குக் கரியமில வாயுவும் சத்தும் அதிகம் வேண்டும். அவை கிடைக்காதபோது செடி நின்றுபோகும், அந்த வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். கரியமில வாயு செலுத்தாத தொட்டிக்கு மிதமான விளக்கு போதும் என்று சொல்வது இதனால்தான். பணம் மிச்சம் என்பது அப்புறம்.

கேலனுக்கு இத்தனை வாட் என்று ஒரு கணக்கு இன்னமும் சுற்றி வருகிறது. அது பழைய டியூப் லைட்டுகளுக்கு எழுதியது. வாட் என்பது மின்சாரச் செலவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. எல்இடி அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரலாம். விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவுதான் லூமென்; பெட்டியில் அது எவ்வளவு என்று பாருங்கள்.

36 முதல் 45 செ.மீ. உயரத் தொட்டிகளுக்கு, லிட்டருக்கு 15 முதல் 20 லூமென் எளிய செடிகளுக்குப் போதும். 20 முதல் 40 நடுத்தரம். 40க்கு மேல் போனால் கரியமில வாயு கட்டாயம். செடிக்குப் பயன்படும் ஒளியை நேரடியாக அளக்க பார் (PAR) மீட்டர் என்ற கருவி உண்டு. மணலின் மட்டத்தில் 15 முதல் 30 என்று காட்டினால் நமக்குப் போதுமான மிதமான வெளிச்சம். விலை அதிகம் என்பதால் வாங்கச் சொல்ல மாட்டேன். லூமென் கணக்கு தோராயமானதுதான், ஆனால் தொடக்கத்துக்குச் சரியாக உதவும்.

நம் தொட்டியில் மணல் சராசரி 6 செ.மீ., மேலே 3 செ.மீ. காலி. மிஞ்சுவது 27 செ.மீ. நீர், சுமார் 48 லிட்டர். லிட்டருக்கு 20 லூமென் வைத்தால் 960. வீட்டுக்கு வாங்குகிற இரண்டடி, 10 வாட் எல்இடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு) ஒன்று ஏறக்குறைய 1000 லூமென் தரும். அவ்வளவுதான்! இந்தத் தொட்டிக்கு 40 வாட் விளக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்தக் காசுக்கு நல்ல செடிகள் இன்னும் நாலு வாங்கியிருக்கலாம்.

மணலின் ஆழம் இங்கே மீண்டும் வருகிறது. பின்பக்க மணல் 8 செ.மீ. இருப்பதால், அங்கே நட்ட செடி முன்பக்கச் செடியைவிட 4 செ.மீ. விளக்கை நெருங்கிவிடும். முன்பக்கச் செடிக்குத்தான் தூரம் அதிகம். விளக்கை எல்லோரும் பின்பக்கமாகத் தள்ளி வைப்பார்கள், மூடியைத் திறக்க வசதி என்று. நடுவிலிருந்து சற்று முன்பக்கம் தள்ளி வைத்தால் இரண்டு பக்கமும் ஒளி ஒத்துப்போகும். உயரமான தொட்டியில் விளக்கிலிருந்து மணல் தூரமாக இருப்பதால் ஒளி சிதறி அடியில் குறைந்துவிடும். அங்கே லிட்டர் கணக்கு ஏமாற்றும்.

நிறத்துக்கு 6500 கெல்வின் என்று எழுதியிருப்பதை எடுங்கள். வீட்டு விளக்குகளில் கூல் டேலைட் என்று போட்டிருப்பது அதுதான். செடி வெள்ளை ஒளியில் நன்றாகவே வளரும். தொட்டி மூடியோடு இலவசமாக வரும் நீலம் கலந்த சிறு விளக்கு மீனைக் காட்டத்தான் உதவும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்த விளக்கு நிறங்களை எடுப்பாகக் காட்டும். பிடித்தால் வாங்குங்கள், கட்டாயம் இல்லை.

8. விளக்கை மாட்டுதல்

வீட்டு பேட்டன் ஈரத்துக்காகச் செய்ததல்ல. அதைக் கண்ணாடி மூடிக்கு மேலே, நீர் தெறிக்காத இடத்தில் மட்டும் வையுங்கள். மூடி இல்லாத தொட்டி என்றால் நீர் தெறித்தாலும் உள்ளே புகாத ஐ.பி. 65 தரமுள்ள விளக்கை வாங்குங்கள். வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். வயர் வழியாக நீர் வழிந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட முடிந்தால் ரொம்ப வசதி. வெளிச்சம் அதிகம் என்று தோன்றினால் 10 செ.மீ. உயர்த்தினாலே குறையும். தொங்கவிட வழியில்லாவிட்டால் சால்வினியா போன்ற மிதக்கும் செடியைக் கொஞ்சம் விடலாம். அது மேலே படர்ந்து நிழல் தரும். ஆனால் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மூடிக் கண்ணாடியின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்பு படியும். சில மாதத்தில் அது விளக்கையே மங்கலாக்கிவிடும். செடி வாடுகிறது என்று பெரிய விளக்கு வாங்கப் போகும் முன், மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போகும்.

9. எத்தனை மணி நேரம்

முதல் நான்கு வாரம் நாளுக்கு 6 மணி நேரம். புதிய செடிகள் அப்போது வேர் பிடித்திருக்காது. கடையில் பலவும் நீருக்கு வெளியே வளர்த்தவை. அவற்றின் பழைய இலை உதிர்ந்து, நீருக்குள் வாழும் புது இலை வரவேண்டும். கிரிப்டோகரைன் மொத்த இலையையும் உதிர்ப்பதுண்டு. பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இந்தக் கட்டத்தில் செடி அதிக வெளிச்சத்தைப் பயன்படுத்தாது.

புது இலைகள் வரத் தொடங்கியதும் 7 மணி, இரண்டு வாரம் கழித்து 8. அதோடு நிறுத்துங்கள். வெளிச்சம் போதவில்லை என்று நேரத்தை 12 மணியாக்குவது உதவாது. வலு குறைந்த விளக்கின் குறையை நேரத்தால் ஈடுகட்ட முடியாது. பாசிக்கு மட்டும் நேரம் கூடும்.

மதியம் 2 முதல் இரவு 10 வரை என்று நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சக்கரம் சுற்றும் டைமராக இருந்தால், கரண்ட் போன நேரம் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் விளக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எரியும். வாரம் ஒரு முறை சரிபார்க்க முடியாதவர்கள் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

10. தொட்டி காட்டும் அறிகுறிகள்

முதல் வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் படியும். டயாட்டம் என்கிற இது புதுத் தொட்டிகளுக்கு இயல்பானது. விளக்கைத் தொடாதீர்கள். துடைத்து எடுங்கள், தானாகவே குறையும்.

கண்ணாடியில் இரண்டு நாளைக்கு ஒரு முறை பச்சை ஏறினால், செடிகளில் நூல் மாதிரிப் பாசி தொங்கினால், தண்ணீரே பச்சையானால் வெளிச்சம் அதிகம். நேரத்தை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள், அல்லது விளக்கை உயர்த்துங்கள். வேகமாக வளரும் ஹைக்ரோபிலாவை இன்னும் சில தண்டு நடுங்கள்.

தண்டுச் செடியில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, அடியிலைகள் உதிர்ந்து, மேலே மட்டும் பச்சையாக இருந்தால் அடியில் ஒளி போதவில்லை. மேல்நுனியை வெட்டி மீண்டும் நட்டு, அடர்ந்ததை விலக்கிப் பாருங்கள். நிழல்தான் பல நேரம் காரணம்.

தண்டுச் செடி நன்றாக இருந்து கிரிப்டோகரைனும் ஸ்வார்டும் மட்டும் வெளுத்தால் விளக்கில் தேடாதீர்கள். கோளாறு மணலுக்குள் இருக்கிறது: மாத்திரை தீர்ந்திருக்கும், அல்லது ஆழம் போதாது. ஸ்கேலை எடுத்து அளந்து, முதல் நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். சரிவு இறங்கியிருந்தால் முன்பக்க மணலைத் தட்டையான அட்டையால் பின்னே தள்ளுங்கள்.

அழுகிய முட்டை வாசம் வந்தால் முழு மணலையும் ஒரே நாளில் கிளறக் கூடாது. வெளிவரும் வாயு மீன்களைத் திணறடிக்கும். ஒரு கை அகலம் மட்டும் இடுக்கியால் மெல்லக் குத்திவிட்டு, காற்று பம்பை ஓடவிட்டு, அடுத்த பகுதியை அடுத்த வாரம் செய்யுங்கள்.

11. கோடையில் மட்டும்

ஏப்ரல், மே மாதங்களில் அறைக்குள்ளேயே நீர் 31, 32 டிகிரி செல்சியஸ் போகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மி.கி. கரைவது 30 டிகிரியில் 7.5 அளவுக்கு இறங்கும். மணலுக்குள் அழுகலும் வேகமாகும். அந்த இரண்டு மாதம் மூடியைச் சற்றுத் திறந்து, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிடுங்கள். ஆவியாகும் நீர் சூட்டை இரண்டு மூன்று டிகிரி இறக்கும். மூடியைத் திறக்கும்போது பேட்டனில் நீர் தெறிக்காத இடமா என்று ஒரு முறை பாருங்கள். குறைகிற நீரை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும்.

12. மாற்றங்களைச் செய்யும் முறை

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் காத்திருங்கள். செடி பதில் சொல்ல அவ்வளவு நாள் ஆகும். பழைய இலை திருந்தாது. புதிதாக வரும் இலையை மட்டும் பாருங்கள். முதலில் விளக்கு நேரம், அப்புறம் விளக்கின் உயரம், அதன்பின் ரூட் டேப், எல்லாம் பார்த்தபின் மணல். மணலைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதைத் தொட்டால் வேர் அறுபடும், நன்மை செய்யும் பாக்டீரியா கலையும், நீர் கலங்கும்.

மணலை உயர்த்தியே ஆகவேண்டும் என்றால் முழுத் தொட்டியையும் கலைக்க வேண்டாம். கழுவிய மணலை, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் புனலாகப் பிடித்து, செடிகளுக்கு நடுவே ஒரு வாரத்துக்கு 1 செ.மீ. என்று இறக்குங்கள். செடியின் கழுத்து மூடிப்போனால் விரலால் மணலை விலக்கிவிடுங்கள்.